வெடிமருந்தை எடைபோட்ட பிரபு

மேல்வகுப்பில் இயற்பியல் பயிலும் நம் மாணவியருக்கு ரம்போர்டு என்ற பெயர் புதிதன்று. வெப்பத்தைப் பற்றிய பாடத்தின் தொடக்கத்திலேயே, பீரங்கியைத் துளைத்து நீரைக் கொதிக்க வைத்தவர் என்று ஒரு பத்தியில் அவர் வந்து போகிறார். அந்தப் பத்தியை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு நாமும் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் அப்பத்திக்குப் பின்னால் சிறிய இரும்புக் குழல் ஒன்றும், ஒரு சிட்டிகை வெடிமருந்தும், இருபது ஆண்டு விடாமுயற்சியும் இருக்கின்றன. அவற்றோடு, பெரும் நன்மைகளும் பெரும் குறைகளும் கலந்த ஒரு மனிதரின் வாழ்க்கையும் இருக்கிறது. அதனை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஊபர்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்கா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. தாம்சன் நடை பழகும் பருவத்திலேயே தந்தையை இழந்தார். குடும்ப நிலத்தில் அவருக்குப் பெரிய பங்கு இல்லை. ஆகவே பதின்மூன்றாம் வயதில் சேலம் நகரத்து வணிகர் ஒருவரின் கடையில் வேலை பழக அனுப்பப்பட்டார். கணக்குப் புத்தகத்தைவிடக் கருவிகளும் கணிதமும்தான் அச்சிறுவனின் மனத்தை இழுத்தன. 1766-இல் ஆங்கில அரசு முத்திரை வரியை நீக்கியபோது ஊரே கொண்டாடத் தயாரானது. தாம்சனும் வாணவெடி செய்ய மருந்து இடித்தார். அது எதிர்பாராமல் தீப்பற்றி அவரைக் கடுமையாகச் சுட்டுவிட்டது. வெடிமருந்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் இதுவே. வேறொருவராயின் அதன் பக்கமே திரும்பியிருக்கமாட்டார். தாம்சனுக்கோ, இந்தக் கருந்தூளுக்குள் இருக்கும் வலிமை எவ்வளவு என்ற கேள்வி பின்னாளில் வாழ்நாள் கேள்வியாயிற்று.

கல்லூரியில் சேர்ந்து பயில அவருக்கு வசதியில்லை. ஆயினும் லோமி பால்ட்வின் என்ற நண்பருடன் ஊபர்னிலிருந்து ஹார்வர்டு வரை நடந்து சென்று, பேராசிரியர் விந்த்ராப் நிகழ்த்திய இயற்பியல் விரிவுரைகளைக் கேட்டார். வீடு திரும்பியதும் கேட்டவற்றைத் தாமே செய்த கருவிகளால் சோதித்துப் பார்த்தார். 1772-இல் நியூ ஹாம்ப்ஷயர் பகுதியில், இன்று கான்கார்டு எனப்படும் ஊரில் பள்ளி ஆசிரியரானார். அந்த ஊருக்கு முன்பு ரம்போர்டு என்றே பெயர். அங்கு சாரா என்ற செல்வம் மிக்க கைம்பெண்ணை மணந்தார். அவருக்கு வயது பத்தொன்பது; அந்த அம்மையாருக்கு முப்பத்து மூன்று. 1774-இல் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயின் பெயரையே அதற்கும் இட்டனர்.

அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது தாம்சன் ஆங்கில அரசின் பக்கம் நின்றார். மறைமையால் எழுதிய கடிதத்தில் போராளிகளைப் பற்றிய செய்திகளை ஆங்கிலத் தளபதிக்கு அவர் அனுப்பியதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கண்டறிந்துள்ளனர். ஊரார் ஐயுற்றனர். 1776-இல் ஆங்கிலப் படை பாஸ்டனை விட்டு வெளியேறிய காலத்தில் அவரும் கப்பலேறி இலண்டன் சேர்ந்தார். மனைவியும் கைக்குழந்தையும் பின்தங்கினர். அந்த மனைவியை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. 1792-இல் அந்த அம்மையார் இறந்தார். தாம்சனின் பெருமைகளைச் சொல்லும்போது இந்தச் சிறுமையையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை என நாம் கருதுகிறோம்.

இலண்டனில் அமைச்சர் ஜெர்மெய்ன் பிரபுவின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. 1778-இல் அந்தப் பிரபுவின் நாட்டுப்புற மாளிகையில் தங்கி வெடிமருந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவருக்கு முன்னரே இத்துறையில் வழி வகுத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். மரக்கட்டை ஒன்றை ஊசல்போல் தொங்கவிட்டு, துப்பாக்கிக் குண்டு அதில் தைத்தவுடன் அது எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். 1742-இல் தம் நூலை வெளியிட்ட ராபின்ஸ், பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் நாட்டிற்கு வந்து, 1751-இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் உயிர் நீத்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

தாம்சன் ராபின்ஸின் கருவியை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. குண்டை வாங்கும் கட்டையை மட்டுமின்றித் துப்பாக்கியையும் ஊசல்போலத் தொங்கவிட்டார். சுட்டவுடன் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் அளவிலிருந்தும் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். ஒரே வேகத்தை இரு வழிகளில் அளந்து ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால், பிழை எங்கே நுழைந்தாலும் அகப்பட்டுவிடும் அல்லவா? இச்சோதனைகளிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன.

முதலாவது, வெடிமருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் முழுவதும் ஒரே சமயத்தில் எரிந்துவிடுவதில்லை. குண்டு நகரத் தொடங்குவதற்கு முன்பே மருந்தெல்லாம் எரிந்து முடிந்துவிடுகிறது என்று ராபின்ஸ் கொண்டிருந்தார். தாம்சனோ, மருந்து படிப்படியாகவே எரிகிறது, எரியாத மணிகள் குழலிலிருந்து வெளியே வீசப்படுவதும் உண்டு என்று காட்டினார். அடுப்பில் இட்ட விறகுக்கட்டை மேற்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி எரிவதை நாம் காண்கிறோம். மருந்தின் ஒவ்வொரு மணியும் அவ்வாறே எரிகிறது. ஆனால் மிக விரைவாக எரிகிறது.

இரண்டாவது உண்மை இன்னும் வியப்பானது. குண்டு போட்டுச் சுட்டபோது இருந்ததைவிட, குண்டில்லாமல் வெறும் மருந்தை மட்டும் வெடித்தபோதுதான் துப்பாக்கிக் குழல் அதிகமாகச் சூடேறியது! வெப்பம் என்பது மருந்தின் தீயிலிருந்து குழலுக்குள் புகும் ஒருவகைப் பாய்பொருள் என்றால், குண்டு இருக்கும்போது தீ நெடுநேரம் அடைபட்டு நிற்பதால் குழல் அதிகமாகச் சூடாக வேண்டும். நடந்ததோ நேர்மாறு. தடையின்றிப் பாயும் வாயுவின் மோதலால் இரும்பே அதிர்ந்து சூடாகிறதோ என்று அவர் எண்ணினார். இந்த ஐயம் இருபது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் விதைபோலக் கிடந்தது. 1779-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1781-இல் அவருடைய ஆராய்ச்சி அச்சேறியது.

1784-இல் ஆங்கில மன்னர் அவருக்குச் சர் பட்டம் அளித்தார். அதே ஆண்டில் பவேரியா நாட்டு மன்னர் கார்ல் தியோடரிடம் பணியில் சேர்ந்து மியூனிக் நகரில் குடியேறினார். அங்கே அவர் செய்த பணிகள் பல. படைவீரர்களுக்குத் தக்க உடை எது என்று அறிய, கம்பளி, உரோமம், பஞ்சு முதலியவை வெப்பத்தை எவ்வாறு தடுக்கின்றன என்பதை அளந்தார். இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அதற்காக 1792-இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் பெற்றார்.

மியூனிக்கில் அக்காலத்தில் பிச்சைக்காரர் கூட்டம் மிகுந்திருந்தது. 1790-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று தாம்சன் அவர்களைத் திரட்டி, தாம் அமைத்திருந்த தொழில் இல்லத்திற்கு அழைத்து வந்தார். ஒரு வாரத்தில் ஏறக்குறைய 2,600 பேர் பதிவாயினர். அங்கே அவர்களுக்குச் சுத்தமான இடம், நூற்கவும் நெய்யவும் வேலை, அதற்குக் கூலி, குழந்தைகளுக்குக் கல்வி, எல்லோருக்கும் சூடான உணவு ஆகியவை கிடைத்தன. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கொண்டு குறைந்த செலவில் அவர் வகுத்த கஞ்சி ரம்போர்டு சூப் என்ற பெயரில் ஐரோப்பாவெங்கும் பரவியது. குறைந்த விறகில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்க மூடிய அடுப்புகளையும் அமைத்தார். வெடிமருந்தின் தீயை ஆராய்ந்த அதே கண்கள்தாம் ஏழையின் அடுப்புத் தீயையும் ஆராய்ந்தன.

இங்கே நம் உள்ளத்தைத் தொடும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பவேரியா கத்தோலிக்க நாடு. தாம்சனோ புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த அந்நியர். அவர் கடும் நோயுற்றுப் படுத்தபோது, தொழில் இல்லத்து ஏழைகள் ஊர்வலமாகத் தேவாலயத்திற்குச் சென்று அவர் நலம்பெற வேண்டினர். பின்னர் அவர் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் நோயுற்றிருந்த செய்தி கேட்டு, மாலைதோறும் ஒரு மணி நேரத்தை அவருக்காகச் செபிக்க ஒதுக்கினர். தமக்குக் கிடைத்த பட்டங்களைப் பற்றி எவ்வளவோ பெருமை பேசிய அவர், இந்தச் செபத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் நெகிழ்ந்து போகிறார். 1790-களின் தொடக்கத்தில் அவருக்குப் பிரபு பட்டம் வழங்கப்பட்டபோது, தாம் விட்டு வந்த ஊரின் பழைய பெயரையே தேர்ந்தெடுத்து ரம்போர்டு பிரபு ஆனார்.

1793-ஐ ஒட்டிய காலத்தில் அவர் மீண்டும் வெடிமருந்துக்குத் திரும்பினார். மியூனிக் படைக்கலச் சாலையில் நடந்த அந்தப் பரிசோதனையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். வெடிமருந்து எரியும்போது உண்டாகும் அழுத்தம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு என்று ராபின்ஸ் கணித்திருந்தார். ஆனால் துப்பாக்கியாயினும் பீரங்கியாயினும் தீ வைப்பதற்கென ஒரு சிறு துளை உண்டு. அத்துளை வழியே வாயு சீறி வெளியேறிவிடும். கசியும் பானையில் நீரை அளந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்?

ரம்போர்டு அத்துளையையே இல்லாமற் செய்தார். அடித்துத் திடமாக்கிய இரும்பில், ஏறக்குறைய மூன்று அங்குல நீளமும் அதேயளவு பருமனும் உள்ள ஒரு சிறு குழலைச் செய்வித்தார். அதனுள் துளையின் அகலம் கால் அங்குலமே. குழலின் அடியில் மெல்லிய வால் போன்ற ஒரு பகுதி இருந்தது. அதற்குள்ளும் மருந்து இறங்கும். ஆனால் அதன் முனை முற்றிலும் மூடியிருக்கும். நடுவில் துளையிட்ட ஓர் இரும்பு உருண்டையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அந்த வாலின்மேல் செருகுவார்கள். வெப்பம் இரும்பின் வழியே உட்சென்று மருந்தைப் பற்றவைக்கும். தீ உள்ளே நுழைய வழியுண்டு. வாயு வெளியேற வழியில்லை!

குழலின் மேல்வாயை எண்ணெய் தோய்ந்த தோல் வட்டத்தாலும், அதன்மேல் அரைக்கோள வடிவமான எஃகு மூடியாலும் அடைத்தார். மூடியின்மேல் எடை வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய எடைக்கு எங்கே போவது? படைக்கலச் சாலையில் பீரங்கிகளுக்குப் பஞ்சமில்லை. 8,081 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3,665 கிலோகிராம் எடையுள்ள வெண்கலப் பீரங்கி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி மூடியின்மேல் இருத்தினார். பிறகு மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வந்து, எந்த அளவில் பீரங்கி சற்றே தூக்கப்படுகிறது என்று பார்த்தார். ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான மருந்து, யானை எடையுள்ள அந்தப் பீரங்கியை அசைத்துவிட்டது. நம் வீட்டுச் சமையலறையில் அழுத்த அடுக்கின்மேல் ஆடும் சிறு எடையை நினைத்துக்கொண்டால் இக்கருவியின் தத்துவம் எளிதில் விளங்கும்.

கணக்கிட்டுப் பார்த்தபோது அழுத்தம் பதினாயிரம் வளிமண்டலத்தையும் கடந்தது. குழல் நிறைய மருந்திட்டபோது குழலே பிளந்தது. அந்த இரும்பைப் பிளக்கத் தேவையான வலிமையைக் கொண்டு, அழுத்தம் ஐம்பதாயிரம் வளிமண்டலத்திற்கும் மேல் இருக்கும் என்று அவர் முடிவு செய்தார். 1797-இல் இவற்றையெல்லாம் வெளியிட்டார்.

இந்த எண்கள் சரியா? சரியல்ல. 1875-இல் ஆண்ட்ரூ நோபிள், பிரெடரிக் ஏபெல் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் இன்னும் வலுவான எஃகுக் கலங்களில் மருந்தை முழுவதும் அடைத்து எரித்தனர். மின்சாரத்தால் தீ மூட்டினர். எடை தூக்குவதற்குப் பதிலாக, உள்ளே வைத்த சிறு செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்பதைக் கொண்டு அழுத்தத்தை அளந்தனர். அவர்கள் கண்ட அளவு ஏறக்குறைய 6,400 வளிமண்டலமே. ரம்போர்டின் கருவியில் அடிப்பக்கத்தில் பற்றிய மருந்து வாயுவாகி மேல்நோக்கிப் பாய்ந்து மூடியைச் சம்மட்டிபோல் இடித்தது. இடிக்கும் விசையும் நிலையாக அழுத்தும் விசையும் ஒன்றல்ல. அதனால்தான் கணக்கு மிகைப்பட்டது. மேலும், மருந்திலுள்ள ஈரம் ஆவியாவதே அதன் வலிமைக்குக் காரணம் என்று அவர் எண்ணியதும் தவறாயிற்று.

அப்படியானால் அவருடைய உழைப்பு வீணா? அன்று. எண் தவறியது, வழி தவறவில்லை. எரிபொருளை ஒன்றும் கசியாத கலத்தில் அடைத்து, அதற்குள்ளேயே எரித்து, எழும் அழுத்தத்தை அளக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணமே நிலைத்தது. பிரான்சு நாட்டில் பால் வியெய் என்பவர், செம்பு உருளை நசுங்குவதைச் சுழலும் உருளைத் தாளில் கோடாகப் பதியவைத்து, அழுத்தம் நேரத்தோடு எவ்வாறு ஏறுகிறது என்பதையும் கண்டார். அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும் என்ற விதி அதனால் கிடைத்தது. 1884-இல் புகையில்லா மருந்தையும் அவரே உண்டாக்கினார். இன்று படிகங்களைக் கொண்ட மின்னுணர்விகள் அழுத்தத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறுக்கும் குறைவான இடைவெளியில் பதிவு செய்கின்றன. ஆயினும் அவை பொருத்தப்படுவது ஒரு மூடிய கலத்தில்தான்.

1797-இல் ரம்போர்டு பீரங்கித் தொழிற்சாலையில் மற்றொரு காட்சியைக் கண்டார். வெண்கலத்தைத் துளைக்கும்போது அது கொதிக்கக் கொதிக்கச் சூடேறியது. குண்டில்லாத் துப்பாக்கி அதிகம் சூடேறிய பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கியது. அவர் வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியைப் பொருத்தி, பீரங்கித் துண்டை நீர்ப்பெட்டிக்குள் வைத்து, குதிரைகளால் சுழற்றச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில் 18 பவுண்டுக்கும் மேற்பட்ட நீர் தீயின்றியே கொதித்தது. சூழ நின்றவர்கள் திகைத்தனர். தேய்க்கத் தேய்க்க வற்றாமல் வந்துகொண்டேயிருப்பது ஒரு பொருளாக இருக்க முடியாது, அது இயக்கமாகவே இருக்க வேண்டும் என்று 1798-இல் அவர் அறிவித்தார். நாற்பதாண்டுகளுக்குப் பின் ஜூல் இந்தக் கருத்தை எண்களால் உறுதிப்படுத்தினார். நம் பாடநூலின் ஒரு பத்தி இப்படித்தான் பிறந்தது.

1799-இல் இலண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிலையம் தோன்ற அவர் முக்கிய காரணராயிருந்தார். ஹம்ப்ரி டேவியை அங்கே பணிக்கு அமர்த்தியவரும் அவரே. பின்னர் பாரடே உருவானதும் அந்நிலையத்தில்தான். தம் பெயரால் பதக்கம் வழங்க ராயல் சொசைட்டிக்கு ஆயிரம் பவுண்டு அளித்தார். 1802-இல் முதல் பதக்கம் அவருக்கே கிடைத்தது என்பது சற்றே புன்னகை வரவழைக்கும் செய்தி.

1805-இல் பாரிசில் அவர் மரீ ஆன் அம்மையாரை மணந்தார். இவர் வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியேயின் துணைவியாயிருந்தவர். கன்னியர் மடத்தில் கல்வி பயின்று, பதின்மூன்று வயதில் மணமாகி, கணவரின் ஆய்வுக்கூடத்தில் குறிப்பெழுதி, அவருடைய நூலுக்குக் கருவிகளின் படங்களைத் தம் கையால் வரைந்தவர். பிரெஞ்சு அரசின் வெடிமருந்துப் பொறுப்பை ஏற்று அதன் தரத்தை உயர்த்திய லவாய்சியே, 1794-இல் புரட்சிக்காரர்களால் கொல்லப்பட்டார். வெடிமருந்தை ஆராய்ந்த இரு பெரியோரின் இல்லங்களிலும் விளக்கேற்றிய பெண்மணி இவர். ஆனால் ரம்போர்டோடு அமைந்த வாழ்வு இனிக்கவில்லை. இருவரும் பிணங்கி 1809-இல் பிரிந்தனர். பாரிசை அடுத்த ஒத்தேயில் தனிமையில் வாழ்ந்த ரம்போர்டு, 1814-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் காலமானார்.

கைக்குழந்தையாக அவர் விட்டுச் சென்ற மகள் சாரா, இருபத்தொரு வயதில், 1796-இல்தான் இலண்டனுக்கு வந்து தந்தையைக் கண்டாள். பின்னாளில் சொந்த ஊருக்குத் திரும்பி மணமாகாமலே வாழ்ந்து, 1852-இல் மறைந்தபோது, ஆதரவற்ற சிறுமியருக்கு இல்லம் அமையத் தம் சொத்தை எழுதி வைத்தார். தந்தையின் அன்பைக் குழந்தைப் பருவத்தில் பெறாதவர் அது கிட்டாத பிற குழந்தைகளை நினைத்தார்.

மாணவியரே, ரம்போர்டின் வாழ்வில் பின்பற்ற வேண்டியதும் உண்டு. விலக்க வேண்டியதும் உண்டு. ஆயிரம் ஏழைகளின் அடுப்பை எரியவைத்தவர் தம் வீட்டு அடுப்பை அணையவிட்டார். அறம் வீட்டுவாசலில் தொடங்கவேண்டும் என்பதை அவருடைய குறை நமக்குக் கற்பிக்கிறது. தம் கருவியில் கசியும் துளை எங்கே என்று தேடி அதை அடைத்தாரே, அந்தக் கவனம் அவருடைய நிறை. ஆய்வுக்கூடத்தில் நம் விடை புத்தகத்து விடையோடு ஒத்துவராதபோது, தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதும் பழக்கம் நம்மிடையே இல்லாமலில்லை. அத்தருணத்தில் நாம் செய்யத்தக்கது, கண்ட எண்ணைக் கண்டபடியே எழுதிவிட்டுக் கருவியில் எங்கே கசிகிறது என்று தேடுவதாகும். நேர்மையாக எழுதி வைத்த தவறான எண்ணைப் பின்வருவோர் திருத்திக்கொள்ள முடியும். ரம்போர்டின் எண்ணை அப்படித்தான் திருத்தினார்கள்.